மூட்டைப்பூச்சி: தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளிலும் விடுதிகளிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒகேனக்கல் போய் ஒரு நாள் தங்கி வந்த குடும்பம், ஓசூர் சிப்காட் பக்கம் அறை எடுத்திருக்கும் இளைஞர்கள், பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள், பட்டுப்புழு வளர்க்கும் வீட்டுக்காரர்கள் என்று பலரும் இந்தப் பூச்சியால் தூக்கம் இழக்கிறார்கள். ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, தெரியாமல் முடித்துவிடலாம் என்று வயல் மருந்தை வாங்கி வந்து படுக்கையில் தெளிக்கிறார்கள். மூட்டைப்பூச்சி கடித்து யாரும் சாவதில்லை. அந்த மருந்தால் சாக முடியும். கீழே உள்ள விடைகளில் பல இதைத் தடுப்பதற்காகவே எழுதியவை.

கடித்தது மூட்டைப்பூச்சியா, கொசுவா? எப்படித் தெரிந்துகொள்வது?

தடிப்பை மட்டும் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, மருத்துவராலும்கூட. படுக்கையில் தொட்டுக்கொண்டிருந்த கை, கழுத்து, முதுகு ஆகிய இடங்களில் மூன்று நான்கு தடிப்புகள் வரிசையாகவோ கூட்டமாகவோ இருந்தால் சந்தேகப்படலாம். கணுக்காலைச் சுற்றி மட்டும் கடி இருந்தால் வீட்டு நாயின் தெள்ளுப்பூச்சியாக இருக்கலாம். விரல் இடுக்கிலும் இடுப்பிலும் அரிப்பு, இரவில் அதிகம், வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாக என்றால் அது சிரங்கு. அதற்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

உறுதி செய்ய ஒரே வழி பூச்சியையோ அதன் தடயத்தையோ கண்ணால் பார்ப்பது. வளர்ந்த பூச்சி 5 முதல் 7 மில்லிமீட்டர் நீளம், ஏறத்தாழ ஓர் உளுந்தின் அளவு. தட்டையான உடல், செம்பழுப்பு நிறம். இரத்தம் குடித்தால் உப்பிச் சிவக்கும். சிறகு கிடையாது, தாவவும் தெரியாது, நடந்துதான் வரும். குஞ்சுகள் வெளிறிய மஞ்சள் நிறத்தில் இருப்பதால் எளிதில் கண்ணில் படாது. முட்டை வெள்ளையாக, ஒரு மில்லிமீட்டர் அளவில், பரப்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். பூச்சி அகப்படாவிட்டாலும் மெத்தையின் தையலில் பேனா மை தெறித்ததுபோன்ற கரும்புள்ளிகளைப் பார்க்கலாம். அது அதன் கழிவு. ஈரத் துணியால் தேய்த்தால் பழுப்பாகப் பரவும்.

எங்கே தேடுவது?

தூங்குகிறவரிலிருந்து இரண்டு மீட்டருக்குள் தொடங்குங்கள். நாம் விடும் மூச்சுக் காற்றும் உடல் சூடும்தான் அதற்கு வழிகாட்டி. பக்கத்திலேயே குடியிருக்கவே விரும்பும். மெத்தையின் நான்கு மூலை, தையல் மடிப்பு, கட்டிலின் ஸ்குரூ துளை, பலகை இணையும் இடம், இரும்புக் கட்டிலின் குழாய் முனை. கயிற்றுக் கட்டிலாக இருந்தால் ஒவ்வொரு முடிச்சும். குழந்தைக்குத் தூளி கட்டியிருந்தால் கயிறு உத்தரத்தைச் சுற்றும் இடம். நம் பக்கம் நிறைய வீடுகளில் கட்டிலே கிடையாது, தரையில் பாய்தான். அங்கே பாயின் விளிம்புத் துணிக்குள்ளும், சுருட்டி நிறுத்தி வைக்கும் மூலையிலும் பாருங்கள். அதற்குப் பிறகு சுவர்க் காலண்டரின் பின்புறம், சாமி படச் சட்டம், பிளக் பெட்டி, கதவு நிலையின் விரிசல், ஓட்டு வீட்டில் கைமரம்.

இரவு இரண்டு, மூன்று மணிக்கு டார்ச் அடித்துப் பார்ப்பது மிகவும் பயன் தரும். பசியோடு வெளியே வரும் நேரம் அது.

எனக்கு மட்டும் உடம்பெல்லாம் தடிப்பு. அதே படுக்கையில் தூங்கும் என் கணவருக்கு ஒன்றுமே இல்லையே?

அவரையும் கடிக்கிறது. அவர் தோல் அதைக் காட்டவில்லை. சிலருக்குச் சில மணி நேரத்தில் தடிக்கும், சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேல் கழித்து, சிலருக்கு எப்போதுமே தடிப்பதில்லை. "உனக்கு மட்டும் எப்படிக் கடிக்கும், உன் இரத்தம் கெட்டுவிட்டது" என்று வீட்டுப் பெண்களிடம் சொல்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

இதனால் நோய் பரவுமா? எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை?

மூட்டைப்பூச்சி கடித்து எச்.ஐ.வி.யோ மஞ்சள் காமாலையோ மனிதருக்குப் பரவியதாக நிரூபணம் இல்லை. தொல்லை வேறு வகையானது. தூக்கம் கெடும், சொறிந்த இடம் புண்ணாகிச் சீழ் பிடிக்கும், மிக அதிகமாகப் பெருகிய வீட்டில் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் இரத்தச்சோகைகூட வரலாம். சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த துணி வைத்து, கேலமைன் லோஷன் தடவினால் அரிப்புப் பெரும்பாலும் அடங்கும். முகம் வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, சீழ் வைத்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

தினமும் கூட்டித் துடைக்கிறோம். சுத்தமான வீட்டுக்கு எப்படி வந்தது?

அழுக்கைத் தேடி வரும் பூச்சி இல்லை இது. இரத்தத்தைத் தேடி வருவது. பளிங்குத் தரை போட்ட வீட்டுக்கும் மண் சுவர் வீட்டுக்கும் ஒரே மாதிரிதான் வரும். வேறுபாடு ஒன்று உண்டு: சாமான் அடைந்த வீட்டில் ஒளிய இடம் அதிகம், ஒழிக்க நாள் அதிகம்.

பெரும்பாலும் பையில்தான் வருகிறது. வெளியூரில் தங்கிய பை, விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்த பிள்ளையின் பெட்டி, பழைய சாமான் கடையில் வாங்கிய சோபா அல்லது கட்டில். கல்யாணத்துக்கு வந்தவர்களுக்காக வாடகைக்கு எடுக்கும் மெத்தை, தலையணை வழியாகவும் வரும். அதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

ஓசூர்ப் பக்கம் "வடமாநிலத்துக்காரர்கள் கொண்டுவந்தது" என்று சொல்வதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒரு சிறிய அறைக்குள் எட்டுப் பேரை அடைத்து, பகல் ஷிப்டுக்காரர் எழுந்ததும் இரவு ஷிப்டுக்காரர் அதே பாயில் படுக்கும்படி வைத்தால் எந்த ஊர்க்காரர் இருந்தாலும் பூச்சி பெருகும். பெங்களூரில் நம் தருமபுரித் தொழிலாளர்கள் தங்கும் தகரக் கொட்டகைகளிலும் இதே நிலைதான். கடி வாங்குகிறவர்களைக் குற்றவாளியாக்கினால் அவர்கள் மறைப்பார்கள். மறைக்கும் வரை அடுத்த அறைக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும்.

உரக்கடையில் கேட்டால் மருந்து தருகிறார்கள். மாமரத்துக்கு அடிக்கும் மருந்தையே கட்டிலில் அடித்தால் என்ன?

அடிக்கவே கூடாது. மாந்தோப்புக்கு விற்கும் மருந்து திறந்தவெளிக்காகச் செய்தது. ஜன்னல் சாத்திய அறையில், முகம் பதியும் தலையணையில், தரையில் தவழும் குழந்தையின் கையில் அது படும்போது கணக்கே வேறு. புட்டியின் மேலுள்ள முக்கோணத்தின் நிறத்தைப் பாருங்கள்: சிவப்பு மிகக் கடும் நஞ்சு, அடுத்து மஞ்சள், அதன்பின் நீலம், கடைசியில் பச்சை. பச்சை இருந்தாலும் படுக்கைக்கு உகந்தது என்று பொருள் இல்லை. எந்த இடத்தில் பயன்படுத்தலாம் என்று சீட்டில் அச்சிட்டிருப்பதுதான் கணக்கு.

நுவான் என்று நம் ஊரில் பலருக்கும் தெரிந்த டைகுளோர்வாஸ் ஒரு காலத்தில் மூட்டைப்பூச்சி மருந்தாகவே புழங்கியது. 2020 டிசம்பர் 31-உடன் மத்திய அரசு அதற்குத் தடை விதித்துவிட்டது. பழைய புட்டி வீட்டுப் பரணில் இருந்தால் எடுக்காதீர்கள்.

எல்லாவற்றிலும் கொடியது தானிய மூட்டைக்குள் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. ஈரக் காற்றுப் பட்டதும் பாஸ்பீன் என்ற வாயுவை விடும். 3 கிராம் மாத்திரை ஒன்று 1 கிராம் வாயுவைத் தரும். ஒரு மூடிய அறையில் தூங்குகிறவர்களைக் கொல்ல அதிகம் தேவையில்லை. சுவர் விரிசல், கதவிடுக்கு வழியாக அடுத்த வீட்டுக்கும் போகும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. பொதுமக்களுக்குச் சில்லறையில் விற்கவே அனுமதியில்லாத பொருள் இது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் எலி மருந்து வைத்த வீட்டில் தூங்கிய இரண்டு குழந்தைகள் இறந்ததைச் செய்தியில் படித்திருப்பீர்கள். பூச்சிக்கோ எலிக்கோ, தூங்கும் அறையில் நஞ்சு வாயு என்றால் முடிவு ஒன்றுதான்.

உயிருக்கு ஆபத்து என்பது ஒருபுறம் இருக்க, இந்த மருந்துகள் வேலையையும் முடிப்பதில்லை. டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் வகைப் பூச்சிமருந்துகளுக்கு மூட்டைப்பூச்சி பல நாடுகளில் பழகிவிட்டது, எளிதில் சாவதில்லை. நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் பரவலாக உள்ள சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ் என்ற இனமும் அப்படியே. தெளித்தால் சில சாகும். மீதி சுவர் வழியாக அடுத்த அறைக்கு ஓடும். புகை மருந்து, கொசுவர்த்தி எல்லாம் விரிசலுக்குள் எட்டுவதே இல்லை.

யாருக்காவது மருந்து நெடியில் தலைசுற்றல், வாந்தி, மூச்சுத்திணறல் வந்தால் முதலில் எல்லோரும் வெளியே வாருங்கள், பிறகு 108-ஐ அழையுங்கள். மருந்தின் பெயரைக் குறித்துக்கொண்டு போனால் மருத்துவருக்கு உதவும். அதற்காக மறுபடி அறைக்குள் நுழைய வேண்டாம்.

மருந்து இல்லாமல் எப்படித்தான் ஒழிப்பது?

வெப்பத்தால். மூட்டைப்பூச்சியும் அதன் முட்டையும் 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் தாக்குப்பிடிக்காது. 45 டிகிரியில் பூச்சி ஒன்றரை மணி நேரத்தில் செத்தாலும் முட்டை சாக ஏழு மணி நேரம் ஆகும். ஆகவே சூடு முழுதாக எட்ட வேண்டும், உள்ளே வரை எட்ட வேண்டும்.

முதல் நாள் துணிகளைக் கையாளுங்கள். படுக்கை விரிப்பு, தலையணை உறை, போர்வை, அறையில் தொங்கும் துணிகள் எல்லாவற்றையும் அந்த அறையிலேயே பிளாஸ்டிக் பையில் போட்டு வாய் கட்டி எடுத்துச் செல்லுங்கள். மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டின் குறுக்கே நடந்தால் வழியெல்லாம் உதிரும். கொதிக்கும் நீரும் குழாய் நீரும் சம அளவு கலந்தால் 60 டிகிரிக்கு மேல் கிடைக்கும். அதில் அரை மணி நேரம் மூழ்க வையுங்கள், ஆற ஆறச் சுடுநீர் சேருங்கள். துவைத்து உலர்ந்ததைப் புதிய பையில் கட்டி வையுங்கள். பழைய பையை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

அடுத்தது கட்டில். கழற்ற முடிந்ததைக் கழற்றி வெளியே கொண்டுபோய், இரும்பாக இருந்தால் மூட்டு மூட்டாகக் கொதிநீர் ஊற்றுங்கள். குழந்தைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு ஊற்றுங்கள், மின்கம்பி பக்கத்தில் இருக்கக் கூடாது. மரக்கட்டிலுக்குக் கெட்டியான பிரஷ்ஷால் துளைகளைத் துருவி, நீராவிக் கருவி கிடைத்தால் மெதுவாக, விரலளவு தூரத்தில் நகர்த்துங்கள். வேகமாக நகர்த்தினால் வெறும் ஈரம்தான் மிஞ்சும். வாக்குவம் கிளீனர் இருந்தால் தையல்களில் இழுத்து, உள்ளே சேர்ந்ததைப் பையில் கட்டி அப்போதே வெளியே போடுங்கள்.

பிறகு விரிசல்கள். சுவரில் சிமெண்டு அல்லது பட்டி, மரத்தில் மெழுகோ பசையோ. பெரியவர்கள் பொங்கலுக்கு முன்பு வீடு முழுதும் சுண்ணாம்பு அடித்தார்கள்; அதில் எத்தனை பொந்துகள் அடைபட்டிருக்கும்!

கடைசியாகக் கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்தி, விரிப்பு தரையைத் தொடாமல் மடித்து, நான்கு கால்களையும் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். நம் ஊர் இனம் வழவழப்பான பரப்பிலும் ஏறக்கூடியது என்பதால் வெறும் கிண்ணத்தை நம்ப முடியாது, சோப்புத் தண்ணீர் வேண்டும். வாரம் இரண்டு முறை மாற்றுங்கள். தேங்கிய தண்ணீரில் டெங்குக் கொசு முட்டையிடும்.

இவ்வளவையும் ஒருமுறை செய்து நிறுத்தினால் வீண். முட்டை 6 முதல் 10 நாளில் பொரிக்கும்; பொரித்த குஞ்சு ஐந்தாறு வாரங்களில் தானே முட்டையிடும். நடுவில் பிடிக்க வேண்டும். 10 நாள் இடைவெளியில் குறைந்தது மூன்று முறை.

வெயிலில் போட்டால் போதாதா? தருமபுரி வெயிலுக்கு எது தாங்கும்?

இலவம்பஞ்சு மெத்தையை மாடியில் போட்டால் மேல்பக்கம் சுடும், உள்ளே சூடு ஏறாது. பூச்சி அடிப்பக்கத்துக்கு நகர்ந்து நிழலில் உட்கார்ந்திருக்கும். மாலையில் நீங்களே அதை வீட்டுக்குள் கொண்டுவருவீர்கள். சிறிய பொருள்களுக்கு வெயில் நல்லது. ஏப்ரல், மே மாதங்களில் செருப்பு, பள்ளிப் பை, புத்தகம் போன்றவற்றைக் கறுப்பு பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, காங்கிரீட் தளத்தில் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை, நடுவில் புரட்டிப்போட்டு வையுங்கள். உள்ளே ஒரு வெப்பமானி வைத்து 50-ஐத் தாண்டுகிறதா என்று பார்த்துவிட்டால் சந்தேகம் தீரும். ஓசூர், தளி பக்கம் வெயில் குறைவு. ஆடி மாதக் காற்றில் இதை முயல வேண்டாம்.

மெத்தையைத் தூக்கி எறிந்துவிடலாமா?

பெரும்பாலும் தேவையில்லை. நான்கு பக்கமும் ஜிப் வைத்து முழுதாக மூடும் உறை போட்டு, ஓராண்டு திறக்காமல் வைத்தால் உள்ளே இருப்பவை பட்டினியில் சாகும். எறியத்தான் வேண்டுமென்றால் கிழித்துவிட்டு எறியுங்கள். முழுதாகத் தெருவில் வைத்தால் வசதி இல்லாத குடும்பம் ஒன்று எடுத்துப் போகும்.

மண்ணெண்ணெய், வேப்பிலைப் புகை, நொச்சி, கற்பூரம்?

மண்ணெண்ணெய் நேரே பட்டால் பூச்சி சாகும். ஆனால் நனைந்த கட்டிலும் ஒரு தீக்குச்சியும் சேர்ந்தால் வீடே போய்விடும். வேப்பிலை, நொச்சிப் புகையும் கற்பூரமும் சற்று நேரம் விலக்கலாம், கொல்லாது.

ஒரு நாட்டு முறையை மட்டும் அறிவியல் மெச்சியிருக்கிறது. பால்கன் நாடுகளில் பீன்ஸ் இலைகளை இரவில் படுக்கையைச் சுற்றிப் பரப்புவார்கள். இலையின் அடியிலுள்ள கொக்கி போன்ற நுண்மயிர்கள் நடந்து வரும் பூச்சியின் காலைக் குத்திப் பிடித்துக்கொள்ளும். காலையில் இலையோடு சேர்த்துக் கொளுத்திவிடுவார்கள். 2013-இல் கலிபோர்னிய ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் இதை உறுதி செய்தார்கள். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பீன்ஸ் விளைவிக்கிறவர்கள் முயன்று பார்க்கலாம், கெடுதல் இல்லை. ஆனால் நடமாடும் பூச்சியைத்தான் அது பிடிக்கும், முட்டைக்கு ஒன்றும் செய்யாது.

பட்டுப்புழு வளர்க்கிறோம். வீட்டில் என்ன தெளிக்கலாம்?

ஒன்றும் தெளிக்கக் கூடாது. இரண்டு மாவட்டங்களிலும் இத்தனை குடும்பங்கள் பட்டுக்கூட்டை நம்பி இருக்கும்போது இதை யாரும் சொல்லித் தராதது பெரிய குறை. பட்டுப்புழுவும் பூச்சியினம்தான், மூட்டைப்பூச்சிக்கு அடிக்கும் மருந்தின் சிறு துளி கை வழியாக, துணி வழியாக, தெளிப்பான் வழியாக மல்பெரி இலையில் பட்டாலே ஒரு வளர்ப்பு முழுதும் போகும். பூச்சியைக் கொல்லச் சுண்ணாம்புபோல் தூவும் டயட்டம் மண் தூளும் இங்கே வேண்டாம். கொதிநீர், நீராவி, பிரஷ், விரிசல் அடைப்பு என்ற வழியை மட்டும் பிடியுங்கள். வீட்டுக் கட்டிலைச் சுத்தம் செய்த துணியோடு வளர்ப்பு மனைக்குள் போகாதீர்கள். பெரிய வேலைகளைக் கூடு அறுவடையாகி அடுத்த முட்டை வாங்குவதற்கு இடைப்பட்ட நாள்களில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது வளர்ப்பு மனையைக் கழுவும் பிளீச்சிங் பவுடர் நோய்க்கிருமிகளுக்கானது; மூட்டைப்பூச்சி அதில் ஒழிந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள்.

ஒகேனக்கல்லிலோ கிருஷ்ணகிரி பைபாஸிலோ லாட்ஜ் எடுக்கிறோம். எதைப் பார்க்க வேண்டும்?

அறைக்குள் போனதும் பையைக் கட்டிலில் எறியாதீர்கள். குளியலறையின் டைல்ஸ் தரையில் வைத்துவிட்டு, விரிப்பின் மூலையைத் தூக்கி மெத்தைத் தையலை டார்ச்சில் பாருங்கள். பிறகு தலைமாட்டுப் பலகையின் பின்புறம். இரண்டு நிமிட வேலை. ஆடிப்பெருக்குக் கூட்டத்தில் அறை கிடைப்பதே அரிது என்று இதை விட்டுவிட வேண்டாம், அந்த நாள்களில்தான் ஒரே கட்டில் அடுத்தடுத்து ஆள் மாறுகிறது.

தடயம் இருந்தால் படம் எடுத்து, வேறு அறை கேளுங்கள். பக்கத்து அறையும் நேர் மேல், நேர் கீழ் அறையும் வேண்டாம். மறுத்தால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், ரசீதை வைத்திருங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உண்டு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. ரயில் படுக்கையில் கண்டால் ரயில்வே உதவி எண் 139.

வீடு திரும்பியதும் பையை வாசலிலேயே பிரித்து, துணிகளை நேரே சுடுநீருக்குள் போடுங்கள்.

நான் லாட்ஜ் நடத்துகிறேன். தெரிந்தால் பெயர் கெட்டுவிடுமே?

மறைத்தால்தான் கெடும். அந்த அறையையும் இரு பக்கத்து அறைகளையும் அன்றே மூடுங்கள். அறை சுத்தம் செய்யும் பெண்களுக்குப் பூச்சியையும் கரும்புள்ளியையும் காட்டிக் கற்றுக்கொடுங்கள். அவர்களைவிட முன்னதாகக் கண்டுபிடிக்கக்கூடியவர் உங்கள் விடுதியில் யாரும் இல்லை. "நான் பார்த்தேன்" என்று சொன்னவரைத் திட்டினால் அடுத்தவர் சொல்லமாட்டார். அழுக்கு விரிப்புகளை அறையிலேயே பையில் கட்டச் சொல்லுங்கள், தள்ளுவண்டியில் புதிய விரிப்போடு சேர்க்கவே கூடாது.

பூச்சி ஒழிப்பு நிறுவனத்தை அழைத்தால் என்ன கேட்க வேண்டும்?

உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். எந்த மருந்து என்று பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். எத்தனை மணி நேரம் கழித்து உள்ளே போகலாம், மறுவருகை எத்தனை நாளில் என்றும் கேளுங்கள். "ஒரே தடவையில் ஒழித்துவிடுவோம்" என்றாலோ மாத்திரை வைப்பதாகச் சொன்னாலோ திருப்பி அனுப்பிவிடுங்கள்.

வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு மாதம் ஊருக்குப் போனால் செத்துவிடாதா?

சாகாது. இரத்தம் இல்லாமல் மாதக்கணக்கில் கிடக்கும். தவிர, நீங்கள் போகும் வீட்டுக்கும் உங்கள் பையோடு சில வந்து சேரும்.

ஒரே காம்பவுண்டில் ஆறு குடித்தனம். நாங்கள் மட்டும் செய்தால் போதுமா?

போதாது. சுவர் பொதுவாக இருந்தால் பூச்சியும் பொதுதான். வீட்டுக்காரரிடமும் பக்கத்துக் குடித்தனத்திடமும் நேரே சொல்லுங்கள். ஆறு வீட்டிலும் ஒரே ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தொடங்குங்கள். முதலில் சொல்கிறவருக்குத்தான் சங்கடம். சொன்ன பிறகு, "எங்கள் வீட்டிலும் இருக்கிறது" என்று இன்னும் இரண்டு பேர் சொல்வதைப் பெரும்பாலும் கேட்பீர்கள்.

முழுதும் ஒழிந்தது என்று எப்போது நம்பலாம்?

கடைசிப் பூச்சியைப் பார்த்த நாளிலிருந்து எட்டு வாரம் புதிய கடியும் புதிய கரும்புள்ளியும் இல்லாமல் போக வேண்டும். இதைக் கண்டுபிடிக்க வெள்ளை விரிப்புப் போடுங்கள், புள்ளி விழுந்தால் உடனே தெரியும். வாரம் ஒருமுறை டார்ச் அடித்துத் தையலைப் பாருங்கள். நடுவில் ஒன்றே ஒன்று அகப்பட்டாலும் எட்டு வாரக் கணக்கை அன்றிலிருந்து மறுபடி தொடங்குங்கள். அதுவரை கட்டில் கால்களின் கிண்ணங்களை எடுக்க வேண்டாம்.